லிவிங் வில் எழுதினால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களா?

பெங்களூரு தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: “கர்நாடகாவில் கருணைக்கொலைக்கு அனுமதி! லிவிங் வில்லில் கையெழுத்துப் போட்டால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்கள். உஷார்!”

தவறு. லிவிங் வில் என்பது, மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம். 2025 ஜனவரி 30 அன்று மாநில சுகாதாரத் துறை வெளியிட்ட உத்தரவு, உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று 2023இல் எளிமையாக்கிய இந்த நடைமுறையைச் செயல்படுத்துகிறது, அவ்வளவுதான். ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றமே.

எழுதியவர் தானே முடிவெடுக்க முடியாமல், மீளும் நம்பிக்கையும் இல்லாதபோதுதான் அந்த ஆவணத்துக்கு வேலை. அப்போதும் சிகிச்சை தரும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு ஆராய வேண்டும். வேறொரு குழு அதைச் சரிபார்க்க வேண்டும். தன் சார்பில் முடிவெடுக்க எழுதியவர் ஆவணத்தில் யார் பெயரைக் குறித்தாரோ, அவரது சம்மதமும் வேண்டும். (இத்தனையும் தாண்டி யாரும் அவசரமாக வென்டிலேட்டரைக் கழற்றிவிட முடியாது.) எழுத இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும். மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளலாம்.

“அபசகுனமாப் பேசாதே” என்று வாயை அடைக்கும் வீடுகளில்தான் இந்தப் புரளி எளிதாக எடுபடுகிறது. அப்பா தெம்பாக இருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டு வைத்த பிள்ளைகள், ஐசியூ வாசலில் ஆளுக்கொன்று சொல்லி மோதிக்கொள்வது குறையும். வலி குறைக்கும் சிகிச்சையோ, எந்த முடிவு எடுத்தாலும் தொடரும்.