மூன்றாம் மாத மாத்திரை

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்காகத் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச கிளினிக்குகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் உதவி பெரும்பாலும் முதல் நாளோடு நின்றுவிடுகிறது. கேம்ப் போடுகிறோம், சுகர் பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம். அங்கே சுகர் 280 என்று தெரிந்துகொண்டவருக்கு மூன்றாவது மாதம் மாத்திரை தருவது யார்? இந்தக் கிளினிக்குகள் தினமும் மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான்.

"எமர்ஜென்சிக்குப் போனால் பார்த்துத்தானே ஆகணும்?" என்பார்கள். 1986-இல் வந்த எம்டாலா சட்டப்படி, பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிராபத்து நீங்கும்வரை ஆஸ்பத்திரி கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். பில் வீட்டுக்கு வரும். அடுத்த மாத பிபி மாத்திரை அந்தச் சட்டத்தில் இல்லை. ஏழைகளுக்கான அரசு இன்சூரன்சான மெடிகெய்டும் எல்லா ஏழைகளுக்கும் கிடைப்பதல்ல. டெக்சாஸில் 19 முதல் 64 வயதுக்குள், குழந்தைகள் இல்லாத, மாற்றுத்திறனாளி அல்லாத ஒருவர், கர்ப்பிணியாகவும் இல்லையென்றால், எவ்வளவு குறைவாகச் சம்பாதித்தாலும் அவருக்குப் பொதுவாக மெடிகெய்டு கிடையாது. வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு சந்தையில் இன்சூரன்ஸ் வாங்கத் தரும் மானியமும் கிடைப்பது அரிது. ஏழை என்பதாலேயே மானியம் இல்லாமல் போகிறவர்கள் இவர்கள்.

ஒரு சுகர் நோயாளியின் ஒரு வருஷக் கணக்கைப் பாருங்கள். மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம், காலையும் இரவும். மாதம் 60 மாத்திரை. 500 மாத்திரை உள்ள பெரிய டப்பா எட்டுப் பேருக்கு ஒரு மாதம் வரும். இப்படி நூறு பேரைப் பார்க்கும் கிளினிக்குக்கு மாதம் 6,000 மாத்திரை, அதாவது 12 டப்பா. அதோடு வருஷத்துக்கு இரண்டு முதல் நான்கு ஏ1சி டெஸ்ட் (கடந்த இரண்டு மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), குறைந்தது ஒரு தடவை கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், கண், கால் பரிசோதனைகள்.

மெட்ஃபார்மின் விலை குறைந்த மருந்துதான். ஆனாலும் சிகிச்சை நடுவில் அறுந்துபோகிறது. ஏன்? 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு கொடுத்து, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டிய மருந்து அது. எடுத்த எடுப்பில் முழு அளவு போனால் பலருக்கு வயிற்றுப்போக்கு பிடுங்கும். நோயாளி தானே நிறுத்திவிடுவார், வந்து சொல்லக் கூச்சப்படுவார். இரண்டாவது வாரம் ஒருவர் போன் போட்டு "வயிறு எப்படி இருக்கு? சாப்பாட்டோடதான் போடறீங்களா?" என்று கேட்டிருந்தால் அளவைக் குறைத்துச் சமாளித்திருக்கலாம். அந்த போனைச் செய்ய டாக்டர் வேண்டாம். நர்ஸ் எழுதிக் கொடுக்கும் கேள்விகளைக் கேட்டு, பதிலை அவரிடம் சேர்க்கத் தெரிந்தால் போதும்.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். திறந்த பாட்டிலையும் காலாவதியானதையும் யாருக்கும் கொடுக்க முடியாது. சட்டம் கட்டுப்படுத்தும் வலி மருந்துகளைக் கிளினிக் ஏற்கவே கூடாது. சீல் உடைக்காத மருந்தைத் வேறொருவருக்கு வழங்கப் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு, முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். கண்டபடி வந்த பெட்டியைப் பிரித்து, தேதி பார்த்து, முறைப்படி அழிப்பதற்குள் ஒரு தன்னார்வலரின் சாயங்காலம் போய்விடும். மருந்து நிறுவனங்கள் டாக்டர்களுக்குத் தரும் சாம்பிள் மருந்திலும் சிக்கல்தான்: புது பிராண்ட், மூன்று வாரத்துக்கு வரும், அப்புறம் கிடைக்காது. அமெரிகேர்ஸ், டைரக்ட் ரிலீஃப், டிஸ்பென்சரி ஆஃப் ஹோப் போன்ற அமைப்புகள் இலவச கிளினிக்குகளுக்கு முறையாக மருந்து அனுப்புகின்றன. ஆக, பெட்டியைவிட ரொக்கம் மேல்.

ரொக்கத்திலும் "இதற்கு மட்டும்" என்று கட்டுப் போடாதது. இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் நிற்க வேண்டும். யாரோ நல்ல எண்ணத்தில் கொடுத்த, உள்ளேயே சின்ன ஃபிரீசர் பெட்டி வைத்த குட்டி ஃபிரிட்ஜில் பின்பக்கம் உறைந்துவிடும். உறைந்து உருகிய இன்சுலினைப் பார்த்துக் கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் வீச வேண்டியதுதான். கிளினிக் வாரத்தில் இரண்டு சாயங்காலம்தான் திறந்திருக்கும். சனி இரவு கரண்ட் போய் ஞாயிறு வந்தால் நடுவில் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. வெப்பத்தைத் தொடர்ந்து பதிவுசெய்து போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவி வேண்டும். இதற்கெல்லாம் நன்கொடையாளர் பெயரை யாரும் கல்வெட்டில் பொறிப்பதில்லை. அதனால்தான் இதற்குப் பணம் கிடைப்பதில்லை.

"கொடுப்பதில் ஒரு காசுகூடச் சம்பளத்துக்குப் போகக் கூடாது" என்ற நிபந்தனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். டாக்டர்கள் இலவசமாக வரலாம். யார் எந்த நாள் வருகிறார், எந்த ரத்த ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, யாருடைய பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று தினமும் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஒருங்கிணைப்பாளர் களைத்துப்போய் விலகினால் கிளினிக்கே படுத்துவிடும்.

"நோயாளியிடம் ஐந்து டாலராவது வாங்கலாமே, மதிப்பு தெரியுமே" என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. அதில் பெரிய ஆபத்து இருக்கிறது. தன்னார்வ டாக்டர்கள் மீது வழக்கு வந்தால் மத்திய அரசே பொறுப்பேற்கும் பாதுகாப்பு ஒன்று 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 2010-இல் அது கிளினிக்கின் ஊழியர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் விரிந்தது. நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது, இன்சூரன்சுக்குப் பில் போடக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். தானாக முன்வந்து தரும் நன்கொடையை ஏற்கலாம். ஐந்து டாலர் கட்டணம் வைத்தால் அந்தப் பாதுகாப்பே போய்விடும். இது தானாகவும் வந்துவிடாது. ஒவ்வொரு டாக்டருக்கும் கிளினிக் விண்ணப்பிக்க வேண்டும், லைசென்ஸ் விவரங்களைச் சரிபார்க்க வேண்டும், வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கோப்புகளை ஒழுங்காகப் பராமரிக்கும் ஒருவர் பத்து டாக்டர்களை உள்ளே கொண்டுவர முடியும். ஓய்வுபெற்ற டாக்டர்களை வைத்தே கிளினிக் நடத்தலாம் என்பதை 1994-இல் தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் டாக்டர் ஜாக் மெக்கானல் செய்து காட்டினார்.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வேலை: மருந்து நிறுவனங்களின் இலவச மருந்துத் திட்ட விண்ணப்பங்கள். விலை உயர்ந்த மருந்துகள் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். வருமானச் சான்று, நோயாளி கையெழுத்து, டாக்டர் கையெழுத்து. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திரும்பிவரும், சில வாரங்கள் வீண். பலவற்றை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே நினைவூட்டும் ஒரு ஷீட் போட்டுக் கொடுங்கள், மருந்து நடுவில் நிற்பது குறையும். ஆஸ்பத்திரி பில்லுக்கும் இப்படி ஒருவர் தேவை. லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். பலருக்கு இது தெரியாமலே பில் கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போய்விடுகிறது.

ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் கிளினிக்குக்கே வர வேண்டும் என்பதில்லை. உங்கள் சொந்த ஆபீசில் மாதம் ஒரு நோயாளியை இலவசமாகப் பார்க்கிறேன் என்று எழுத்தில் கொடுத்தால் போதும். இருதய டாக்டருக்கும் கண் டாக்டருக்கும் அனுப்ப வழியில்லாமல் காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நேரம் கொடுப்பவர்களும் "முடிஞ்சப்ப வர்றேன்" என்று சொல்லாதீர்கள். மாதத்தில் இரண்டாவது செவ்வாய், ஆறு முதல் ஒன்பது, ஒரு வருஷம் என்று சொல்லுங்கள். டாக்டர் வந்து, பிபி பார்க்கும் ஆள் வராவிட்டால் வரிசை முழுக்க நிற்கும். பணத்துக்கும் இதே முறைதான்: வருஷக் கடைசியில் ஒரு பெரிய செக்கைவிட மாதாமாதம் தானாகப் போகும் சின்னத் தொகை. அதை வைத்துத்தான் மருந்து ஆர்டர் போட முடியும். நீங்கள் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமான தொகையை உங்கள் நிறுவனமும் தருகிறதா என்று விசாரியுங்கள், தன்னார்வ மணிநேரத்துக்கே பணம் தரும் நிறுவனங்களும் உண்டு.

கேம்ப் போட்டே ஆக வேண்டும் என்றால், பிபியை ஒழுங்காகப் பாருங்கள்: ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, பாதம் தரையில் பட, கால் மேல் கால் போடாமல், கைக்குப் பொருந்தும் கஃப் வைத்து. சின்ன கஃப் பிபியைக் கூட்டிக் காட்டும். தேதி குறிப்பதற்கு முன் பக்கத்துக் கிளினிக்கோடு பேசி, அடுத்த இரண்டு வாரத்துக்குள் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று கேளுங்கள். இருபது என்றால் இருபது அப்பாயின்ட்மென்ட் சீட்டு கையில் இருக்கட்டும், நாள், நேரம், முகவரி எழுதி. ஒன்றும் இல்லை என்றால் கேம்ப்பைத் தள்ளி வையுங்கள், அந்தப் பணத்தை ஏ1சி டெஸ்ட் எடுக்கும் கருவிக்கான கார்ட்ரிட்ஜ் வாங்க அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.