சதி செய்யக்கூட ஆள் இல்லை

இன்பாக்ஸில் ஒரு தம்பி, "அண்ணா, வெல்கம் டு தி என்எச்கே பாத்திருக்கீங்களா? என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு, செம ரிலேட்டபிள்" என்று அனுப்பியிருந்தான். கூடவே அதில் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் மிசாகி என்கிற பெண்ணின் படம், பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். பதில் எழுத ஆரம்பித்தேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது, சரி, இங்கேயே போட்டுவிடுவோம், மற்றவர்களும் வந்து திட்டட்டும்.

தம்பி பார்த்தது 2006இல் வந்த அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர். நான் பேசப்போவது அதே கதையின் மங்காவை, அதாவது அந்த ஊர் காமிக்ஸைப் பற்றி. (மாங்கா என்று எழுதினால்தான் உச்சரிப்பு சரி என்று தெரியும், ஆனால் கமெண்டில் வந்து உப்பு மிளகாய்த்தூள் கேட்பீர்கள்.) மூலம் தகிமோதோ தத்சுஹிகோ 2002இல் எழுதிய நாவல். அவரே கதை எழுத, ஓஇவா கென்ஜி வரைய, பையன்களுக்கான ஒரு மாத இதழில் தொடராக வந்து 8 தொகுதிகளாக முடிந்தது. இதைப் பையன்கள் பத்திரிகையில் எப்படி விட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

கதாநாயகன் சதோ. வயது 22, கல்லூரியைப் பாதியில் விட்டவன், ஒற்றை அறையில் தனியாக இருக்கிறான், ஊரிலிருந்து அப்பா அம்மா அனுப்பும் பணத்தில் சாப்பிடுகிறான், தூங்குகிறான், ராத்திரி கடைக்குப் போய் சிகரெட் வாங்கி வருகிறான், அவ்வளவுதான். கிட்டத்தட்ட நாலு வருஷமாக இதுதான் வாழ்க்கை. ஜப்பானில் இப்படி ஒடுங்கிக் கிடப்பவர்களை ஹிகிகொமோரி என்கிறார்கள். சைதோ தமாகி என்கிற மனநல மருத்துவர் 1998இல் எழுதிய புத்தகத்துக்கு அப்புறம்தான் அந்தச் சொல் வீட்டுக்கு வீடு புழங்க ஆரம்பித்தது. ஆறு மாதத்துக்கு மேல் வேலை, படிப்பு, வெளியாள் சகவாசம் எதுவும் இல்லாமல் வீட்டோடு கிடந்தால் அந்தக் கணக்கில் வந்துவிடுவீர்கள். கடைக்கு மட்டும் போய்வருகிறவரையும் அரசாங்கம் சேர்த்துத்தான் எண்ணுகிறது.

சதோவுக்குத் தான் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் வேண்டும். ஒருநாள் அது கிடைத்துவிடுகிறது. என்எச்கே! ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம், நம்ம தூர்தர்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் நிப்பொன் ஹோசோ க்யோகாய் என்றுதான் ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது, உண்மையில் அது நிஹோன் ஹிகிகொமோரி க்யோகாய், அதாவது ஜப்பான் ஹிகிகொமோரி சங்கம் என்று இவன் கண்டுபிடிக்கிறான். இழுத்து இழுத்துப் பார்க்கவைக்கிற அனிமேக்களை வேண்டுமென்றே ஒளிபரப்பி, ஜனங்களை அனிமே பைத்தியமாக்கி, அப்படியே அறைக்குள் பூட்டிவிடுவதுதான் அவர்களுடைய திட்டமாம்.

இதில் ஜப்பான்காரர்களுக்கு மட்டும் கூடுதலாகச் சிரிப்பு வரும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே டிவி வைத்திருந்தால் என்எச்கேவுக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும், சட்டமே அப்படி. நம் ஊரில் ஒரு காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்ததே, அந்த மாதிரி. அப்போதெல்லாம் வசூலிக்க ஆள் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார். யாருமே தேடி வராத ஒருவனின் கதவைத் தவறாமல் தட்டுகிற ஒரே பெரிய நிறுவனம் எது என்று யோசித்துப் பாருங்கள். அந்த எரிச்சல் சின்னதில்லை, என்எச்கேவிடமிருந்து மக்களைக் காப்பதையே பெயராக வைத்துக்கொண்டு ஒரு கட்சி ஆரம்பித்து 2019இல் ஜப்பான் நாடாளுமன்ற மேலவையில் ஒரு இடத்தையும் பிடித்துவிட்டார்கள். இந்தக் கதை வந்த வருஷங்களை ஒட்டித்தான் நிஜ என்எச்கே ஹிகிகொமோரிகளுக்கு உதவ ஒரு இயக்கமே நடத்தியது என்பது அடுத்த கூத்து. சதோ அதைப் பார்த்திருந்தால் "பாத்தியா, ஒத்துக்கிட்டானுங்க" என்றிருப்பான்.

சரி, ரிலேட்டபிள் விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் எட்டு மாதம் கிடந்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு மொட்டைமாடி ரூமில், வீட்டில் கேட்டால் "புது ப்ராஜெக்ட், வீட்லருந்தே வேலை" என்று சொல்லிக்கொண்டு. யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் ஃபேனை நிறுத்திவிடுவேன். ஃபேன் ஓடினால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடுமில்லையா? மே மாசத்து மொட்டைமாடி ரூம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேர்த்து ஊற்ற ஊற்ற, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலடிச் சத்தம் இறங்கிப் போகிறவரை உட்கார்ந்திருப்பேன். பிள்ளையார் சதுர்த்தி அன்று கீழ் வீட்டம்மா மூன்று தடவை தட்டினார். நான் அசையவே இல்லை. சாயந்திரம் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கிண்ணத்தில் சுண்டல், மேலே தட்டு மூடி, அந்த இடுக்கு வழியாக எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த எட்டு மாதமும் தெருமுனை டீக்கடைக்காரர் என்னைக் கவனிக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். நான் எத்தனை மணிக்கு வருகிறேன், சட்டை மாற்றினேனா, தாடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது எல்லாவற்றையும் அவர் குறித்துவைத்து, கீழ் வீட்டுக்காரரிடம் சொல்கிறார், இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள் என்று ஒரு முழு வரைபடமே மண்டைக்குள் இருந்தது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் அடுத்த தெருவுக்குச் சுற்றிப் போய் டீ குடிப்பேன், சந்தேகம் வரக்கூடாதாம். கடைசியில் ரூமைக் காலி செய்கிற அன்றைக்கு, என்ன வந்துவிட்டது போ என்று அந்தக் கடைக்கே போய் நின்றேன். மனுஷன் டீயை நீட்டிக்கொண்டே கேட்டார், "ஏரியாவுக்குப் புதுசா சார்?"

இந்த மங்காவைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். எல்லோரும் இதைத் தனிமையைப் பற்றிய கதை, மனச்சோர்வைப் பற்றிய கதை என்கிறார்கள். எனக்கு இது சுகத்தைப் பற்றிய கதை. சதி இருக்கிறது என்று நம்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒரு பிரம்மாண்டமான நிறுவனம், ஆயிரக்கணக்கான ஊழியர்கள், ஒலிபரப்புக் கோபுரங்கள், எல்லாம் சேர்ந்து உன் ஒருத்தனை வீழ்த்தத் திட்டம் போடுகிறது என்றால் நீ எவ்வளவு முக்கியமான ஆள்! யாரும் எதுவும் செய்யவில்லை, உன்னை யாரும் நினைக்கக்கூட இல்லை என்பது அதைவிடப் பல மடங்கு பயங்கரம். சதோ அந்த பயங்கரத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் வில்லனைத் தயார் செய்கிறான். ஃபிரிட்ஜும் நாற்காலியும் பேச ஆரம்பிக்கிற அளவுக்கு மயக்க வஸ்துக்களை உள்ளே தள்ளினாலும், அந்த விஷயத்தில் மட்டும் ஆள் படு தெளிவு.

வெளியே போக அவன் முயற்சி செய்யாமல் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம், பகுதி நேர வேலை கேட்டு ஒரு மங்கா கஃபேக்கு, அதாவது காசு கொடுத்து உட்கார்ந்து மங்கா படிக்கிற கடைக்குப் போவது. எத்தனையோ ஒத்திகை பார்த்து, தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு உள்ளே போனால் கவுன்டரில் இருப்பது மிசாகி. அவன் இருக்கிற லட்சணத்தை முன்பே பார்த்துவிட்ட பெண். ஜப்பானில் பகுதி நேர வேலைக்கு பாய்தோ என்பார்கள், ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. "பாய்..." வரைக்கும் வாயைத் திறந்துவிட்டான், இனி மூடவும் முடியாது, அதை அப்படியே "பாய்க்கு" என்று திருப்பி, அதாவது பைக், பைக் என்றால் எவ்வளவு அருமை தெரியுமா என்று உளறிவிட்டு ஓடிவந்துவிடுகிறான். இதை எத்தனை தடவை படித்தாலும் சிரிப்பேன், சிரித்து முடித்ததும் வயிற்றில் ஏதோ ஒன்று அப்படியே தங்கிவிடும். முகமறியாத ஒரு நண்பரின் போனை எடுத்து "ராங் நம்பர்" என்று நானே குரலை மாற்றிச் சொன்ன கதை எனக்கும் உண்டு, அது இன்னொரு நாளைக்கு.

இப்போது அந்த சிவப்பு இதயம். தம்பி, மிசாகி தேவதை இல்லைப்பா. சித்தி பெரியம்மா வகையில் யாரோ ஒருவர் மதப் பிரசுரம் விநியோகிக்கப் போகும்போது கூடவே குடை பிடித்துக்கொண்டு வருகிற பெண், இவனைப் பார்த்ததும் "உன்னை நான் குணப்படுத்துகிறேன்" என்று ஒப்பந்தம் நீட்டுகிறாள், மீறினால் பத்து லட்சம் யென் அபராதம். தன்னைவிட உதவாக்கரையாக ஒரு ஆள் அவளுக்குத் தேவைப்படுகிறது, அதற்குத்தான் இத்தனையும். அனிமே இதைக் கொஞ்சம் மெழுகிவிட்டது, மங்காவில் அவள் ஆட்டிவைப்பது அப்பட்டமாகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நமக்காக ஒருத்தி காத்திருக்கிறாள், கதவைத் தட்டுவாள், அதுவரை நாம் சும்மா கிடக்கலாம் என்பதும் என்எச்கே சதியின் தம்பி முறைதான். முன்னதில் வில்லன் தேடி வருகிறான், பின்னதில் காதலி தேடி வருகிறாள், இரண்டிலும் நாம் எழுந்திருக்க வேண்டியதில்லை.

உண்மையில் வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோருமே ஏதோ ஒன்றை விற்கத்தான் வருகிறார்கள். ஒருவர் மதம். பழைய பள்ளிக்கூட வகுப்புத் தலைவி வந்து பாசமாகப் பேசி, சங்கிலித் தொடர் வியாபாரத்தில் இவனைக் கோத்துவிடுகிறாள். (இந்த அத்தியாயத்துக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. பத்து வருஷம் பேசாத கிளாஸ்மேட் திடீரென்று போன் செய்து "மச்சி, ஒரு நல்ல ஆப்பர்சூனிட்டி" என்று ஆரம்பித்தால் நமக்கு எங்கே போய் முடியும் என்று தெரியாதா?) பக்கத்து அறை யமாசாகி அனிமே பாட்டை அலறவிட்டுக்கொண்டு, இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டர் கேம் செய்து பணக்காரர் ஆகலாம் என்கிறான். ஆனால் கவனியுங்கள், அந்த வகுப்புத் தலைவியின் வீட்டு அறைக்குள்ளும் ஒரு அண்ணன் பூட்டிக்கொண்டு கிடக்கிறான். விற்கிறவர்களும் மாட்டிக்கொண்டவர்கள்தான். கதவுக்கு வெளியே இருப்பவர்கள் தெளிவாக இருக்கிறார்கள் என்கிற நினைப்பை இந்தக் கதை ஒரு பக்கத்தில்கூட விட்டுவைக்கவில்லை.

அனிமேவில் அந்த அண்ணனை வெளியே கொண்டுவருவது ஆலோசனையோ அன்போ இல்லை. சோறு போட ஆள் இல்லாமல் போகிறது, பசி தாங்காமல் வெளியே வருகிறான். சதோவும் நாவலில் வீட்டுப் பணம் நின்ற பிறகுதான் வேலைக்குப் போகிறான், சாலை வேலை நடக்கும் இடத்தில் வண்டிகளுக்குக் கைகாட்டுகிற வேலை. சாப்பாடும் கூரையும் உறுதியாக இருப்பவனால்தான் ஹிகிகொமோரியாக இருக்க முடியும் என்பது இந்தக் கதையின் கசப்பான நகைச்சுவை. எழுதியவரும் தன்னை விட்டுவைக்கவில்லை. அவரே அப்படிக் கிடந்தவர், நாவலின் பின்னுரை ஒன்றில் இந்தப் புத்தகத்தின் ராயல்டியில் ஒட்டுண்ணியாக வாழ்ந்துகொண்டிருப்பதாகத் தன்னையே கிண்டலடித்திருக்கிறார்.

ஆனால் இந்தப் பசி விஷயத்தில்தான் எனக்குக் கதையோடு ஒரு மனத்தாங்கல். பணம் நின்றால் எழுந்துவிடுவான் என்பது 22 வயதுக்கு. ஜப்பான் கம்பெனிகள் ஏப்ரல் மாதம் புதிதாகப் படித்து முடித்தவர்களை மொத்தமாக எடுக்கும், அந்த பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் சுலபத்தில் வராது. 90களில் பொருளாதாரம் சரிந்தபோது அப்படித் தவறவிட்ட ஒரு தலைமுறையே இருக்கிறது, சதோவின் வயதுக்காரர்கள் அதன் வால். 15 முதல் 39 வயது வரை எடுத்த கணக்கெடுப்பில் ஹிகிகொமோரிகள் சுமார் 5,41,000 பேர் என்று 2016இல் சொன்னார்கள். 40 முதல் 64 வரை எடுத்துப் பார்த்து 2019இல் சொன்ன கணக்கு சுமார் 6,13,000. எழுந்திருப்பார்கள் என்று நினைத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை, அறைக்குள்ளேயே வயதாகிவிட்டது. எண்பது வயது அம்மா ஐம்பது வயது பிள்ளைக்குச் சோறு போடுகிற நிலைமைக்கு 8050 பிரச்சினை என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த வீட்டில் பணம் எப்படி நிற்கும் என்று யோசியுங்கள், அம்மாவின் பென்ஷன் நிற்கும்போதுதான் நிற்கும். அந்த ஐம்பது வயதுக்காரரிடம் பசித்தால் வெளியே வருவாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மற்றபடி மங்காவில் குறை இல்லாமல் இல்லை. நடுவில் இரண்டு மூன்று தொகுதிகள் ஒரே இடத்தில் சுற்றுகின்றன, திருந்துவது, சறுக்குவது, திரும்பத் திருந்துவது. சில பக்கங்களில் அருவருப்பாகவும் இருக்கும், இருக்க வேண்டும் என்றுதான் வரைந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் புதரில் கேமராவோடு ஒளிந்துகொண்டு, தான் என்ன ஆகிவிட்டோம் என்று அவனே உடைந்துபோகிற இடம் வருகிறதே, அங்கேயும் ரிலேட்டபிளா தம்பி? சதோவை ஒரு தோளில் கைபோட்டுக்கொள்ளும் நண்பனாக மட்டும் பார்க்காதே என்று அந்தப் பக்கங்கள் நம்மைத் தள்ளிவிடுகின்றன, அந்தத் தள்ளல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இதைப் போட்ட டோக்கியோபாப் பதிப்பு எப்போதோ நின்றுவிட்டது, பழைய பிரதிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என்னிடம் ஏழு இருக்கிறது. நாலாவது தொகுதியை ஒருவர் "ரெண்டே நாள்" என்று வாங்கிக்கொண்டு போய் பல வருஷம் ஆகிறது. அவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், வாங்க, கதவைத் தட்டுங்க. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.