ராடேவிச்சாவின் ஒரு சென்டிமீட்டர்

நீளம் தாண்டுதலில் ஒரு சென்டிமீட்டர் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் இனெட்டா ராடேவிச்சாவைத்தான் காட்டுவேன். லாத்வியாக்காரர், பெலாரஸ் எல்லைக்குப் பக்கத்தில் க்ராஸ்லாவா என்கிற சின்ன ஊர். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்காகத் தாண்டியவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் இரண்டிலும் இறங்கினார், இரண்டிலும் இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை.

பிறகு குழந்தை பெற்று, திரும்பி வந்து, 2010-இல் பார்சிலோனாவில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். 6.92 மீட்டர். போர்ச்சுகலின் நைடி கோமஸும் அதே 6.92! சமமாக வந்தால் இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பார்கள், அதில் ராடேவிச்சா முந்தித் தங்கம் வாங்கினார். அடுத்த வருடம் தென்கொரியாவின் தேகுவில் உலக சாம்பியன்ஷிப். ரஷ்யாவின் ஓல்கா குச்செரென்கோ 6.77, இவர் 6.76, வெண்கலம். 2012 லண்டனில் இவர் 6.88, அமெரிக்காவின் ஜனே டிலோச் 6.89. நான்காம் இடம், வெறுங்கை.

இந்த ஆட்டத்தில் காலை எங்கே ஊன்றினார்கள் என்பதிலிருந்து அளப்பதில்லை. கால் ஊன்றித் தாண்டும் பலகையின் மணல் பக்க விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள். பத்து சென்டிமீட்டர் பின்னாலேயே காலை ஊன்றிவிட்டால் அந்தப் பத்தும் கணக்கில் வராது, கொஞ்சம் முன்னால் போனாலோ, அப்போதெல்லாம் பலகையை ஒட்டி வைத்திருந்த பிளாஸ்டிசின் என்கிற களிமண் போன்ற பொருளில் ஷூ தடம் விழும், செல்லாது என்று சிவப்புக் கொடி தூக்கிவிடுவார்கள். அதனால் 6.88-க்கும் 6.89-க்கும் நடுவில் இருப்பது பலம் மட்டும் இல்லை, ஓடி வந்த கடைசி இரண்டு எட்டும்தான். லண்டன் முடிந்தபோது இவருக்காகப் பாவப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

சரி, அப்புறம் நடந்ததுதான் விஷயம். குச்செரென்கோ ஊக்கமருந்து விவகாரத்தில் தகுதி நீக்கம் ஆக, தேகு வெண்கலம் சில வருடம் கழித்து வெள்ளியாக மாறியது. 2018-இல் லண்டனில் எடுத்து வைத்திருந்த சிறுநீர் மாதிரிகளை மறுபடி சோதித்தபோது ராடேவிச்சாவின் மாதிரியிலேயே ஆக்ஸாண்ட்ரோலோன் கிடைத்தது, உடலில் தசை கூட்டும் ஸ்டீராய்டு. அப்போது அவர் லாத்வியத் தடகளச் சங்கத்தின் தலைவர். பதவியை விட்டு விலகினார், லண்டன் நான்காம் இடமும் ரத்தானது.

“பதக்கமே வாங்காத ஒருவரை ஆறு வருடம் கழித்துப் பிடித்து யாருக்கு என்ன லாபம்?” என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே முடியவில்லை. அன்றைக்கு அவர் இரண்டு சென்டிமீட்டர் கூடத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். 6.90, வெண்கலம் அவருக்கு. டிலோச் மேடைக்குக் கீழே நின்று கைதட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பார், ஆறு வருடத்துக்கு மேல் கழித்து ஒரு கடிதம் வந்திருக்கும், ‘நீங்கள்தான் மூன்றாவது’ என்று. டிலோச்சைக் காப்பாற்றியது அந்த ஒரே ஒரு சென்டிமீட்டர், வேறு எதுவும் இல்லை. எத்தனையோ பேருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதோடு, ஐந்தாவதாக வந்தவர் நான்காவது ஆவது சின்ன விஷயமா? பல நாடுகளில் ஒலிம்பிக் இடத்தைப் பார்த்துத்தான் உதவித்தொகை, பயிற்சிச் செலவு எல்லாம். பதக்கம் வாங்கியவர்களை மட்டும் சோதித்தால் போதும் என்பது சோம்பேறித்தனம்.

ஆனால் இன்னொரு பக்கம், பார்சிலோனா தங்கத்தையும் சேர்த்துத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து கிடைத்தது 2012 மாதிரியில். 2010 தங்கத்தை யாரும் பறிக்கவில்லை, தேகு வெள்ளியையும் பறிக்கவில்லை. சந்தேகப்பட யாருக்கும் உரிமை உண்டு, எனக்கும் அந்த 6.92-ஐ இப்போது பழைய மாதிரி ரசிக்க முடியவில்லைதான். அதற்காக ஆதாரம் இல்லாத வருடத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுத நான் தயாராக இல்லை.