லைட்தானே என்று விடுகிற ரீகால்

"வெளிப்புற விளக்குகளில் கோளாறு, அவசர வாகனங்கள் திரும்ப அழைக்கப்படுகின்றன" என்று ஒரு ரீகால் செய்தி, அதாவது விற்ற வண்டியைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்கிற அறிவிப்பு, வந்தால் யாரும் நின்று படிப்பதில்லை. பிரேக் பிடிக்கவில்லை, ஏர்பேக் வெடிக்கிறது, பேட்டரி தீப்பிடிக்கிறது என்றால்தான் பரபரப்பு. லைட்தானே, பல்பை மாற்றினால் போயிற்று என்று தள்ளிவிட்டுப் போகிறோம். அதிலும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். உச்சியிலிருந்து பம்பர் வரை லைட்டாகவே இருக்கிற வண்டியில் ஒன்றிரண்டு எரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

முழுகும் என்பதுதான் என் கட்சி.

இந்த வண்டிகளில் இரண்டு வகை விளக்குகள் உண்டு. கூரையிலும் பக்கங்களிலும் மின்னுகிற எச்சரிக்கை விளக்குகள் ஒன்று. பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், வண்டியின் ஓரங்களைக் காட்டும் சின்னச் சின்ன மஞ்சள், சிவப்பு விளக்குகள் இன்னொன்று. அமெரிக்காவில் எஃப்எம்விஎஸ்எஸ் 108 என்று ஒரு தரவிதி இருக்கிறது. எந்த விளக்கு எங்கே, என்ன நிறத்தில், எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்று அது கறாராகச் சொல்வது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். 80 அங்குலத்துக்குக் குறையாத அகலம் என்றால் ஓர விளக்குகள் கூடுதலாக வேண்டும். தீயணைப்பு வண்டி எப்படியும் அந்தக் கணக்கில் வந்துவிடும். மின்னுகிற விளக்குகளை மாநிலச் சட்டங்களும், தேசியத் தீ பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ போன்ற அமைப்புகளின் தரநிலைகளும் பார்த்துக்கொள்கின்றன. அதனால் விதிமீறல் என்று ஒரு லைட் ரீகால் வந்தால், யாரும் கவனிக்காத அந்தச் சாதாரண விளக்குகளில்தான் பெரும்பாலும் வில்லங்கம் இருக்கும்.

மின்னுகிற விளக்கு "நான் இங்கே இருக்கிறேன்" என்று மட்டும்தான் சொல்லும். நிற்கப்போகிறதா, திரும்பப்போகிறதா, பின்னால் வரப்போகிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. ஒருமுறை இரவில் ஓர் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். கூரையில் சிவப்பு வெளுத்து வாங்குகிறது, கண் கூசுகிறது. முன்னால் வேகம் குறைவதே எனக்குத் தெரியவில்லை. இடைவெளி சட்டென்று சுருங்கியதைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்தேன். நின்ற பிறகு பார்த்தால் வலது பக்க பிரேக் லைட் செத்துக் கிடக்கிறது. இடது பக்கம் எரிந்திருக்கலாம், மேலே அடித்த வெளிச்சத்தில் எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. 80 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கும். பழைய இழை பல்பைவிட எல்இடி பிரேக் லைட் ஏறக்குறைய 0.2 வினாடி முன்னதாக முழு வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்த இம்மி நேரமே நாலு மீட்டருக்கு மேல். லைட் வராமலே போனால் எத்தனை மீட்டர் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது பாதி உண்மைதான். வண்டி ஓடும்போது விளக்குகள் ஒரு விதமாக, வழியை மறித்து நிற்கும்போது வேறு விதமாக எரிய வேண்டும் என்று என்எஃப்பிஏ தரநிலை பிரித்தே வைத்திருக்கிறது. பார்க்கிங் பிரேக் போட்டு நின்றதும் வெள்ளை எச்சரிக்கை விளக்குகள் அணைந்துவிட வேண்டும், எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிக்கக் கூடாது என்பதற்காக. மின்னும் வேகத்துக்கும் எல்லை உண்டு: ஐ.நா.வின் ஒழுங்குவிதி 65, வினாடிக்கு 2 முதல் 4 முறை என்கிறது. இத்தனை யோசித்துக் கட்டிய ஏற்பாட்டில் ஒரு கம்பி பிசகினால் எல்லாம் கலைந்துவிடும்.

அந்தக் கம்பி எப்படிப் பிசகுகிறது? விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது. அணைந்ததும் குளிர்ந்து, ரப்பர் சீலில் இருக்கிற இடுக்கு வழியாக ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. இந்த வண்டிகளை அடிக்கடி பிரஷர் போட்டுக் கழுவுவார்கள். ஈரம் கனெக்டருக்குள் போனால் பச்சையாகப் பூத்துவிடும். அப்புறம் எர்த் கோளாறு, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற இணைப்பு விட்டுப்போவது. மெக்கானிக்குகள் முதலில் தேடுவது இதைத்தான். இழை பல்பு போட்ட விளக்கில் எர்த் கிடைக்காவிட்டால் கரண்ட் பக்கத்து இழை வழியாகச் சுற்றிப் போகும். இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கும். பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது, ஓட்டுகிறவருக்கோ தெரியவே தெரியாது. பிரேக் லைட்டைத் தனி ஆளாகச் சோதிக்கவும் முடியாது. ஒருவர் மிதிக்க ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். இல்லையென்றால் சுவர் ஓரம் ரிவர்ஸில் நிறுத்தி, கண்ணாடியில் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஷிப்ட் மாறும் அவசரத்தில் இதைத் தினமும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் தயாரிப்பிலேயே இருக்கிற கோளாறை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அமெரிக்கச் சட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. 1966-இல் வந்த வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கோளாறு என்று முடிவானதும் 5 வேலை நாட்களுக்குள் தயாரிப்பாளர் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏ-வுக்குச் சொல்ல வேண்டும். 60 நாட்களுக்குள் உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். சரிசெய்வது இலவசம். இதில் ஒரு சிக்கல், தயாரிப்பாளர் யார் என்பது. ஆம்புலன்ஸின் சேசிஸ் (எஞ்சினும் சக்கரமும் சேர்ந்த அடிச்சட்டம்) ஒரு கம்பெனி, பாடி கட்டுவது இன்னொரு கம்பெனி, விளக்கு செய்தது மூன்றாவது. ஆளாளுக்குக் கை காட்டினால் கடிதம் யார் பெயரில் வரும் என்றே புரியாது.

இன்னொரு கதவும் திறந்தே இருக்கிறது. விதிமீறல் உண்மைதான், ஆனால் அதனால் பாதுகாப்புக்குப் பெரிய பாதிப்பில்லை என்று மனுப் போட்டு ரீகாலிலிருந்து விலக்குக் கேட்கலாம். விளக்கு விஷயத்தில் இப்படிப்பட்ட மனுக்கள் சகஜம். லென்ஸில் ஓர் எழுத்து அச்சாகவில்லை என்றால் விட்டுவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். அவசர வாகனத்தில் பிரகாசம் குறைவு என்றால் அந்த மனுவைப் பிரித்தே பார்க்கக் கூடாது.

சரி, கடிதம் வந்துவிட்டது. "வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவாருங்கள்" என்கிறது. காராக இருந்தால் ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். ஒரே ஒரு ஆம்புலன்ஸ் இருக்கிற நிலையம் என்ன செய்யும்? அந்த ஒரு நாளில் யாருக்காவது மாரடைப்பு வந்தால்? அதனால் கடிதம் கோப்புக்குள் போகிறது, வண்டி சாலைக்குப் போகிறது. அதிகாரி அலட்சியம் என்று திட்டுவது சுலபம், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். விளக்கு, கனெக்டர், வயரிங் வேலைக்கு லிஃப்ட் மேடை பெரும்பாலும் தேவைப்படாது. பெட்டியோடு ஒரு டெக்னீஷியன் வந்தால் வண்டி நிற்கிற இடத்திலேயே முடித்துவிடலாம். இடையில் அழைப்பு வந்தால் எந்த நிமிடமும் வண்டி கிளம்பிப் போகிற மாதிரி ஒவ்வொரு விளக்காக மாற்றலாம். பணிமனைக்குத்தான் போயாக வேண்டும் என்றால் மாற்று வண்டி கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று, அவசர வாகனங்களைப் பொறுத்தவரை, தயாரிப்பாளரின் கடமை என்று சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

வயது கணக்கும் இடிக்கிறது. முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. 2015-க்கு முன்னால் அது 10 ஆண்டாக இருந்தது. தனி ஆளின் காருக்கு 15 போதும். தீயணைப்பு வண்டியை 15 ஆண்டு முன்வரிசையில் ஓட்டிவிட்டு அப்புறம் ரிசர்வில் வைப்பது வழக்கம், என்எஃப்பிஏ பரிந்துரையும் 25 ஆண்டு வரை போகிறது. முன்வரிசை வண்டி ரிப்பேரில் நிற்கும்போது வெளியே வருவது அந்தப் பழைய வண்டிதான். வயரிங் இற்றுப்போய் லைட் கோளாறு அதிகம் வரக்கூடிய வண்டியும் அதுவே. அதை மட்டும் கணக்கிலிருந்து கழட்டிவிட்டிருக்கிறார்கள்.

கடிதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எழுத்தும் எண்ணுமாக 17 இடம் கொண்ட வின் என்கிற வாகன அடையாள எண்ணை என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டால் சரிசெய்யப்படாமல் கிடக்கிற ரீகால் இருக்கிறதா என்று காட்டிவிடும். சேசிஸ் கம்பெனியின் அறிவிப்பு அதில் சிக்கினாலும் பாடி கட்டியவருடையது தவறிப்போகலாம்; அவருடைய பெயரையும் தனியாகத் தேடிப் பாருங்கள். பழைய ஆம்புலன்ஸை ஏலத்தில் எடுத்துக் கேம்பர் வேனாக மாற்றி ஓட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் உரிமையாளருக்குப் போன கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்காது.