அஸ்தமனத்துக்கு முன்பே கிளம்பும் கப்பல்

கிரேக்கத் தீவான சான்டோரினி வரை போய், சூரிய அஸ்தமனத்தைப் பார்க்காமல் திரும்புவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? கோடையில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை ஆகிறது. எங்கள் சிறிய சொகுசுக் கப்பலிலோ மாலை ஐந்தரைக்குள் ஏறிவிட வேண்டும் என்று உத்தரவு!

கிடைத்த நேரத்திலும் பாதி வரிசையிலேயே போயிற்று. தீவை ஒட்டி, பழைய எரிமலை வாயை நிரப்பியிருக்கும் கடல் மிக ஆழமானது. கப்பல் கரையை ஒட்டி நங்கூரம் போட்டு நிற்க முடியாது. சிறு படகில் பழைய துறைமுகத்தில் இறங்கி, மேலே ஃபிரா ஊருக்குக் கேபிள் கார் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஏறக்குறைய 600 படிகள். கழுதைகளும் அதே படிகளில்தான் ஏறுகின்றன. அந்த வெயிலில் அவற்றின் மேல் உட்கார எனக்கு மனம் வரவில்லை. பெரிய கப்பல்களில் வந்த கூட்டமோ எங்களுக்கு முன்பே வரிசையை அடைத்துக்கொண்டு நின்றது. 2025 முதல் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னத் தீவுக்கு அதுவே அதிகம்.

பெரிய கப்பல்கள் அவசரப்படட்டும், சிறிய கப்பலுக்கு என்ன அவசரம்? பக்கத்திலிருக்கும் மிக்கோனோஸ் தீவுக்கு இரவெல்லாம் மெதுவாக ஊர்ந்துதானே போனது! அத்தனை பணம் வாங்குகிறவர்கள், விருந்தில் இரண்டு பதார்த்தங்களைக் குறைத்துவிட்டு, இரவு பத்து வரை எங்களைக் கரையில் விட்டிருக்கலாம்.