கூடாரத்தை விடப் பெரிய நாள்

பசிபிக் தீவு நாடான சமோவாவின் முன்னாள் பிரதமர் ஃபியாமே நவோமி மட்டாஃபா பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அந்தக் கூடாரக் காட்சியைத்தான் சொல்கிறார்கள். 2021 மே 24. தேர்தலில் ஜெயித்து வந்தவர்களுக்கு நாடாளுமன்றக் கதவு பூட்டிக் கிடக்கிறது. தலைமை நீதிபதியே அங்கியும் விக்குமாக நடந்து வந்து, கதவு திறக்காததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். சாயங்காலம் வெளியே புல்வெளியில் கூடாரம் போட்டு, அதற்குள் பிரதமராகப் பதவியேற்கிறார் ஃபியாமே. 22 வருஷமாகப் பிரதமராக இருந்த துயிலாயெபா இறங்க மறுத்ததால் வந்த நிலைமை.

எனக்கு அதைவிடப் பெரிய நாள், அதற்கு எட்டு மாதம் முந்தையது.

2020 செப்டம்பரில் அவர் துணைப் பிரதமர். 1985-இல் லோத்தோஃபாகா தொகுதியில் ஜெயித்தவர். அப்போது ஓட்டுப் போடும் உரிமையே 'மாதாய்' எனப்படும் குலத் தலைவர்களுக்கு மட்டும்தான். இன்றும் மாதாய் பட்டம் இல்லாமல் அங்கே தேர்தலில் நிற்க முடியாது. 1991-இல் கல்வி அமைச்சர், அந்த நாட்டு அமைச்சரவையில் முதல் பெண். நாட்டின் முதல் பிரதமருடைய மகள் வேறு. கொஞ்சம் பொறுத்திருந்தால் பிரதமர் நாற்காலி தானாகவே வந்திருக்கலாம்.

அந்த நேரத்தில் அரசாங்கம் மூன்று மசோதாக்களைக் கொண்டுவருகிறது. நிலம், மாதாய் பட்டம் சம்பந்தமான வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தைத் தனியாகப் பிரித்துவிடுவது. அங்கே அநியாயம் நடந்தால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழியிருக்காது. ஃபியாமே எதிர்த்தார், பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். தன் தந்தையின் 'ஃபியாமே' என்ற மாதாய் பட்டத்துக்காக இளம் வயதிலேயே நீதிமன்றம் ஏறியவர் அவர். அந்தப் படிக்கட்டின் அருமை அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

கைவசம் எந்தக் கட்சியும் இல்லாமல்தான் வெளியே வந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஃபாஸ்ட் என்ற எதிர்க்கட்சியில் சேர்ந்தது அடுத்த ஜனவரியில்தான். அப்புறம் ஏப்ரல் தேர்தலில் ஃபாஸ்டுக்கும் துயிலாயெபாவின் கட்சிக்கும் ஆளுக்கு 25 இடம், நடுவில் ஒரு சுயேச்சை. அவர் ஃபியாமே பக்கம் வந்தார். தேர்தலையே ரத்து செய்து பார்த்தார்கள், நீதிமன்றம் விடவில்லை. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாரப் பதவியேற்பு செல்லும் என்றது. எந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்காகப் பதவியை விட்டாரோ, அதே நீதித்துறைதான் கடைசியில் நியாயத்தைச் சொன்னது. இதைப் படித்த அன்று எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

பிற்பாடு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2025 தொடக்கத்தில் சொந்தக் கட்சி உடைந்து, அவரையே வெளியேற்றியது. இரண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானங்களைத் தாண்டினார். மே மாதம் பட்ஜெட் தோற்றது. ஏதாவது வழி பண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்காமல் மக்களிடம் போனார். ஆகஸ்ட் தேர்தலில் அவருடைய புதுக் கட்சிக்குக் கிடைத்தது மூன்றே இடம். லோத்தோஃபாகா மட்டும் அவரைக் கைவிடவில்லை. பிரதமராக இருந்தவர், சாதாரண உறுப்பினராக மறுபடி அதே சபைக்குள் போனார். இந்த முறை கதவு திறந்திருந்தது.