சொப்பு விளையாடும் பிள்ளையிடம் பாடம் நடத்தாதீர்கள்

என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம் ஆகிறது. காலையில் பல் தேய்த்துவிட்டால் அடுத்த நிமிஷம் ஓலைப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பான். அதற்குள்தான் அவனுடைய அடுக்களை இருக்கிறது. அடுப்பு, பானை, சட்டி, குடம், உரல், உலக்கை, திருகை, நாலு தட்டு, ஒரு கரண்டி. எல்லாமே மரம். என் மாமியாருக்கு ஊர் அம்பாசமுத்திரம். மரச் சொப்புக்குப் பேர் போன ஊர். பேரனுக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நாள் நான் ஒரு தப்பைச் செய்தேன். அவன் சட்டியைக் கிண்டிக்கொண்டிருப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன கலர்? தட்டு எத்தனை இருக்கு? ஒண்ணு, ரெண்டு சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒருநாள் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டான். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அவ்வளவு மும்முரமாகச் சமைத்துக்கொண்டிருந்தவன் பாதியில் விட்டுவிட்டான். அடுப்பில் என்ன இருந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அது இன்னும் மனசை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்பதில்லை. விருந்தாளியாகப் போய் உட்கார்கிறேன். "பசிக்குதே" என்பேன். "இரு, வேகல" என்பான். சரி என்று காத்திருப்பேன். சில நாள் ஐந்து நிமிஷம்கூட ஆகும். சோறு வந்ததும் சாப்பிடுவேன், அவ்வளவுதான் என் வேலை.

அப்படிச் சும்மா இருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். படம் போட்ட அட்டைகளைக் காட்டி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதெல்லாம் பெயர்கள்: ஆப்பிள், பந்து, யானை. சொப்பு வைத்து விளையாடும்போது அவன் வாயில் வருவதெல்லாம் வினைச்சொற்கள். கிண்டு, கிளறு, ஊத்து, இறக்கு, மூடு, வடி, இடி, அரை. "கொதிக்குது" என்பதற்கும் "பொங்குது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரிகிறது. பொங்கினால் ஓடிவந்து மூடியைத் திறக்கிறான். எந்த அட்டையில் இதைப் படம் போட்டுக் காட்ட முடியும்?

சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றிப் பேசியபோது, குச்சியைக் குதிரையாக்கிக்கொள்ளும் பிள்ளையை எடுத்துக்காட்டினார். கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒன்று, மனசில் இருப்பது வேறொன்று. அந்த இரண்டையும் பிள்ளை முதன்முதலாகப் பிரித்துப் பார்ப்பது அங்கேதான் என்பது அவர் கருத்து. எங்கள் வீட்டில் டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டத் துணிதான் தோசை. சீப்பு மீன். சீப்பு மீனில்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் முள் எடுத்துத்தான் எனக்கு ஊட்டுகிறான்.

இதனால்தான் பட்டனை அமுக்கினால் எரிவது மாதிரி வெளிச்சம் வந்து, கொதிக்கிற சத்தத்தையும் தானே போடுகிற அடுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 'கொதகொத' என்று சத்தம் போடவேண்டியது பிள்ளை. அந்த வேலையைப் பொம்மையே செய்துவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் மரத்தைக் கடைந்து செய்த சொப்பு வாங்கும்போது நாம்தான் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சிலாம்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். என்ன சாயம் என்று செய்தவரிடமே கேளுங்கள். பழைய முறையில் மரத்தைச் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும், அப்புறம் தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். வாயில் வைக்கிற வயதுக்கு அதுதான் நிம்மதி. மூன்று வயதுக்குள் இருந்தால் சின்னச் சாமான்களை எடுத்துவிடுங்கள். 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் முழுசாகப் போய்விடுகிற எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்பதுதான் பாதுகாப்புச் சோதனையின் கணக்கு. எங்கள் பெட்டியிலிருந்த குட்டி டம்ளர்கள் இப்போது பீரோவில் இருக்கின்றன.

"ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அடுப்பும் சட்டியும்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "அவன் சாப்பிட மாட்டானா?" என்று மாமியார் திருப்பிக் கேட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது. பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குச் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டை அவன் காலால் சிதைப்பான், அவர்கள் வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். மணலில் ஆக்கும் சோற்றுக்குச் சிறுசோறு என்று எவ்வளவு அழகான பேர் வைத்திருக்கிறோம்! அதை ஆக்குகிற சந்தோஷம் பையனுக்கும் கிடைக்கட்டும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு மழலையர் பள்ளியைப் பார்க்கப் போயிருந்தோம். மரத்தில் அருமையான சமையலறை வைத்திருந்தார்கள், தண்ணீர்த் தொட்டி, அலமாரி எல்லாம் சேர்த்து. ஒரு கீறல்கூட இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அரை மணி நேரம், டீச்சர் சொல்கிறபடி காய்களை நிறம் பிரித்து வைக்க வேண்டுமாம். என் மகன் கதவைத் திறக்கப் போனான். "தொடக்கூடாது கண்ணா" என்றார்கள். வேறு பள்ளி தேடிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று ராத்திரி தாத்தாவுக்கு விருந்து. வெறுந்தட்டில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொறச்சலா இருக்கேடே" என்றார் தாத்தா. அவன் எழுந்து அடுப்பு வரைக்கும் போனான். மூன்று விரலைக் குவித்து ஒரு சிட்டிகை எடுத்தான். வழியில் சிந்திவிடாமல் கையைப் பொத்திக்கொண்டு வந்து தட்டில் தூவினான். யாரும் சொல்லித்தரவில்லை, நான் சமைக்கும்போது பார்த்திருக்கிறான். தாத்தா இன்னொரு வாய் எடுத்து வைக்கும் வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்போ?"